சுவருக்கு இந்தப் பக்கத்துக் காவல்

வேளச்சேரியில் இருக்கும் ஒரு தாய் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருடைய மகளுக்குப் பதினைந்து வயது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துகிடக்கும் எதிர்கால உலகக் கதைகளாகவே தேடிப் பிடித்துப் படிக்கிறாள். போன வாரம் சாப்பிடும்போது, பன்னிரண்டு வயதுத் தம்பி எதிரில் இருக்க, "ஆண்களே இல்லாத ஊர் என்றால் எவ்வளவு நிம்மதி" என்று சொல்லியிருக்கிறாள். தம்பி தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டானாம். இந்தப் புத்தகங்கள் வெறுப்பை வளர்க்கின்றனவா, நிறுத்திவிடலாமா, வேறு எதைக் கொடுக்கலாம், நம் பக்கத்தில் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்கிறார்.

நிறுத்தாதீர்கள் அம்மா. நிறுத்தினால் போர்வைக்குள் கைபேசியில் படிப்பாள், கண்தான் கெடும். மற்றவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லவேண்டும். நூலகராக இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அதில் கடைசிப் பதினைந்து ஆண்டுகள் பள்ளி நூலகத்தில், உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளோடு.

அதற்கு முன்பு சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே மாடிப்படி இரண்டு, கேண்டீன் வாசல் இரண்டு, கல்லூரிப் பேருந்தில் முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி ஆண்களுக்கு. நூலகத்தின் நடுவில் இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தித் தடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் தெரியும்படி என் மேசை. திரவ இயக்கவியல் புத்தகங்கள் எல்லாம் ஆண்கள் பக்கத்தில் மாட்டிக்கொண்டன. பெண்ணுக்கு அந்தப் பக்கத்துப் புத்தகம் வேண்டுமென்றால் சீட்டில் எண்ணை எழுதித் தரவேண்டும், உதவியாளர் எடுத்துவந்து கொடுப்பார். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி சீட்டோடு வந்தாள். உதவியாளர் அன்று விடுப்பு. பதினைந்து அடி தூரத்தில் புத்தகம் இருக்கிறது, முதுகு எழுத்துகூட இங்கிருந்தே தெரிகிறது. "நானே போய் எடுத்துக்கொள்ளட்டுமா மேடம்" என்றாள். வேண்டாம் என்றேன். கேமரா இருக்கிறது, யாராவது பார்த்தால் உன் பெயர்தான் கெடும், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். நான் எழுந்து போய் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஏன் போகவில்லை என்று இன்றும் தெரியவில்லை. நாற்பது நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

இதைச் சொல்லக் காரணம், இந்த வகைக் கதைகளில் நான் முதலில் பார்ப்பது அந்த மேசையைத்தான். யார் ஆள்கிறார்கள், யார் அடிமை என்பதை அட்டையின் பின்புறமே சொல்லிவிடும். சுவருக்கு இந்தப் பக்கத்தில், நம் ஆட்களிலேயே ஒருவர், அன்பான குரலில், அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு பொய் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் யார், என்ன பொய் சொல்கிறார், அதை அவரே நம்புகிறாரா? இந்த இடத்தை ஒழுங்காக எழுதிய புத்தகம் நல்ல புத்தகம். எல்லாப் பழியையும் எதிர்ப்பக்கத்தின் மேல் போட்டுவிட்டுக் கதாநாயகியின் கையில் வில்லும் அம்பும் கொடுக்கும் புத்தகம் ஒரு ரயில் பயணத்துக்குப் போதும்.

அந்தக் கணக்கில் முதலிடம் பேட்ரிக் நெஸ் 2008இல் எழுதிய 'த நைஃப் ஆஃப் நெவர் லெட்டிங் கோ'வுக்கு. வேற்றுக் கோளில் குடியேறிய மனிதர்களின் ஊர் பிரெண்டிஸ்டவுன். அங்கே பெண்ணே கிடையாது. ஒரு கிருமி வந்து பெண்களையெல்லாம் கொன்றுவிட்டது, அதே கிருமியால்தான் ஆண்கள் மனத்தில் ஓடுவதெல்லாம் எல்லோர் காதிலும் விழுகிறது என்று சிறுவன் டாடுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்த ஓயாத இரைச்சலுக்கு 'நாய்ஸ்' என்று பெயர். நாய்கூடப் பேசும், பேசினால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறைப் பற்றித்தான். ஒருநாள் சதுப்பு நிலத்தில் இரைச்சலில் ஒரு ஓட்டை மாதிரி அமைதி தென்படுகிறது. அங்கே ஒரு பெண். அவள் மனம் யாருக்கும் கேட்பதில்லை.

கிருமிக் கதை பொய் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், உண்மை என்ன என்பதை உங்கள் மகளே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அந்தப் பொய்யை டாடுக்குச் சொன்னவர்கள் அவனை எடுத்து வளர்த்த பென், கிலியன் என்ற இருவர். கெட்டவர்கள் அல்லர். உயிரையே வைத்திருக்கிறார்கள் அவன் மேல். உண்மையைச் சொன்னால் அது அவன் மனத்தில் ஓடும், ஓடினால் ஊரே கேட்கும், கேட்டால் அவன் உயிருக்கு ஆபத்து. ஆகவே பொய். அந்தப் பக்கங்களைப் படித்த அன்று எனக்கு அந்த மூன்றாம் ஆண்டு மாணவியின் முகம் நினைவுக்கு வந்தது. பென்னாவது ஓர் உயிரைக் காப்பாற்றப் பொய் சொன்னார். நான் ஒரு மேசையைக் காப்பாற்றச் சொன்னேன்.

இது ஒரு முத்தொகுதியின் முதல் பாகம். மூன்றாம் பாகத்துக்கு 2011இல், சிறுவர் இலக்கியத்துக்குப் பிரிட்டனில் தரும் கார்னகி பதக்கம் கிடைத்தது. 2021இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடைபோட வேண்டாம். எழுத்தில் அந்த இரைச்சல் பக்கம் முழுக்கக் கோணல்மாணலாக, ஒன்றின் மேல் ஒன்றாக அச்சாகியிருக்கும், அதைக் கண்ணால் பார்க்கவேண்டும். நாய் வளர்ப்பவர்கள் மட்டும் மனத்தைத் தயார் செய்துகொண்டு படிக்கவும். உங்கள் மகனுக்கும் இன்னும் ஓரிரண்டு ஆண்டுகளில் இது சரியாக இருக்கும். ஆண்கள் மட்டுமே இருக்கும் ஊர் ஆண்பிள்ளைக்கே எப்படி நரகமாகிறது என்று சொல்லும் புத்தகங்கள் இந்த வகையில் அதிகம் கிடையாது.

லூயிஸ் ஓ'நீல் என்ற அயர்லாந்து எழுத்தாளரின் 'ஒன்லி எவர் யுவர்ஸ்' 2014இல் வந்தது. அதில் பெண் குழந்தைகள் பிறப்பதில்லை, தயாரிக்கப்படுகிறார்கள். ஒரு பள்ளிக்குள்ளேயே வளர்த்து, அழகுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி, பதினாறு வயதில் சிலரை மனைவியாக, சிலரை ஆசைநாயகியாக, மீதிப் பேரை மொட்டையடித்துக் கறுப்பு அங்கி போர்த்தி அதே பள்ளியில் ஆசிரியையாக அனுப்பிவிடுவார்கள். அந்த ஆசிரியைகள்தான் நான் சொன்ன மேசைக்காரர்கள். பெண்களின் பெயர்களை எல்லாம் ஆசிரியர் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் தொடங்கி எழுதியிருக்கிறார், ஆண்களின் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் இதை எப்படிக் கொண்டுவருவது என்று பல நாள் யோசித்திருக்கிறேன், வழி தெரியவில்லை.

இந்தப் புத்தகத்தை உங்கள் மகளுக்கு இப்போது கொடுக்க வேண்டாம் என்பேன். உடம்பை வெறுப்பது, பட்டினி கிடப்பது, எடை பார்ப்பது எல்லாம் மிக நெருக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஏற்கெனவே கண்ணாடி முன் அதிக நேரம் நிற்கும் பிள்ளைக்கு அது மருந்தாகவும் ஆகலாம், நஞ்சாகவும் ஆகலாம். பதினேழு வயதில் கொடுங்கள், நீங்களும் கூடவே படியுங்கள். கிம் லிகெட் எழுதிய 'த கிரேஸ் இயர்' (2019) வேகமாக ஓடும். பதினாறு வயதுப் பெண்ணிடம் ஆண்களை மயக்கும் மந்திர சக்தி வந்துவிடுகிறது, அது தீர ஓராண்டு காட்டில் அடைத்துவைக்கவேண்டும் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. காட்டுக்குப் போய்வந்த தாய்மார்கள் யாரும் அங்கே நடந்ததைப் பற்றி வாய் திறப்பதில்லை. ரத்தம் கொஞ்சம் அதிகம். பூப்பெய்திய பெண்ணைத் தனிக் குடிசையில் உட்காரவைத்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு அந்த நம்பிக்கை ஒன்றும் புதிதல்ல.

சரி, உங்கள் மகள் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். அது வெறுப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. மாலை ஆறரை மணிக்கு விஜயநகர் நிறுத்தத்தில் பேருந்து ஏறி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றே வந்த எந்தப் பெண்ணும் வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லக்கூடிய வாக்கியம்தான். கடற்கரை – தாம்பரம் ரயிலில் மகளிர் பெட்டிக்கு ஓடிப்போய் ஏறி, காலை நீட்டி உட்காரும்போது வரும் பெருமூச்சுக்கும் இதே அர்த்தம்தான். அந்தப் பெட்டியும் சுவர்தான். 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையமும் ஒருவகைச் சுவர்தான். என் கல்லூரியின் அலமாரிச் சுவரையும் இவற்றையும் ஒன்றாகப் பார்க்கமுடியாது. கதவு எந்தப் பக்கமிருந்து திறக்கும் என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

இதைப் புரிந்துகொண்டு எழுதிய ஒரு நாவல் உண்டு. பின்லாந்தில் ஸ்வீடிஷ் மொழியில் எழுதும் மரியா துர்ச்சனினோஃபின் 'மாரெசி' (2014). ஆண் காலடி படக்கூடாத ஒரு தீவு. அங்கே பெண்கள் மடம். பஞ்சத்துக்கும் அடிக்கும் தப்பி வந்த சிறுமிகள் அங்கே வயிறாரச் சாப்பிட்டுப் புத்தகம் படிக்கிறார்கள். இதை டிஸ்டோபியா, அதாவது கெட்டுப்போன கற்பனை உலகக் கதை, என்று கறாராகச் சொல்லமுடியாது, கெட்ட உலகம் கடலுக்கு அப்பால்தான் இருக்கிறது. கதை சொல்லும் மாரெசிக்கு ஒரு கேள்வி வருகிறது. படித்ததையெல்லாம் வைத்துக்கொண்டு இந்தத் தீவிலேயே இருந்துவிடுவதா, பசிக்கும் ஊருக்குத் திரும்பிப் போவதா? உங்கள் மகளுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

நம் பக்கத்தில் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, அதுவும் நம் ஊரிலேயே அச்சானது. 1901 முதல் சென்னையிலிருந்து 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில மாத இதழைக் கமலா சத்தியநாதன் நடத்திவந்தார். அதில் 1905இல் வெளியானது 'சுல்தானாஸ் டிரீம்' என்ற சிறுகதை. எழுதியவர் வங்காளத்து ரொகேயா சகாவத் ஹுசேன். பீகாரின் பாகல்பூரில் கணவரோடு இருந்தபோது எழுதினார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். பிற்பாடு கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்காகப் பள்ளி நடத்தியவர்.

நாற்காலியில் சாய்ந்து இந்தியப் பெண்களின் நிலையை யோசித்துக்கொண்டே கண்ணயரும் சுல்தானா என்ற ஒருத்தி, பெண்கள் ஆளும் நாட்டில் விழிக்கிறாள். முகத்திரை இல்லாமல் வீதியில் நடக்கக் கூச்சமாக இருக்கிறது. எதிரில் வரும் பெண்கள் சிரிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "ஆண்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்கிறார்கள்" என்று பதில் வருகிறது. அந்த நாட்டில் ஆண்பிள்ளைத்தனம் என்றால் பயந்து ஒடுங்கி நிற்பது. ஆண்கள் எல்லாம் அந்தப்புரத்தில் சமையலும் குழந்தையுமாக இருக்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நீரை இழுக்கிறார்கள், பறக்கும் வண்டியில் போகிறார்கள். கொசுவும் கிடையாது. இந்த ஒன்றுக்காகவே சென்னைக்காரர்கள் அங்கே குடியேறலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அலுவலக வேலை பற்றியது. எல்லா வேலையையும் எப்படி நீங்களே முடிக்கிறீர்கள் என்று சுல்தானா கேட்கிறாள். இரண்டு மணி நேரம் போதும் என்கிறாள் சாரா என்ற தோழி. ஆண்கள் ஏழு மணி நேரம் உட்கார்ந்தது எதற்கு? ஒரு சுருட்டு எரிய அரைமணி நேரம், ஒருவர் நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகையிலேயே போய்விடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறாள். ஆங்கிலக் கதைதான், ஆனால் அங்கே அவர் எழுதியிருப்பது நம் 'சுருட்டு'. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், வங்காளத்துப் பெண்ணின் கைவழியாக மெட்ராசுக்கே திரும்பி வந்து அச்சேறியிருக்கிறது.

ஆண்கள் உள்ளே போன விதம்தான் கதையின் கூர்மை. பக்கத்து நாட்டோடு போர், ஆண்கள் தோற்று ரத்தம் சொட்டத் திரும்பிவிட்டார்கள். பெண்கள் பல்கலைக்கழகத்தின் தலைவி, நாங்கள் வெளியே வந்து முயன்று பார்க்கிறோம், ஆனால் பர்தா கெடக்கூடாதே, அதனால் நீங்கள் கொஞ்சம் உள்ளே போய் இருங்கள் என்கிறாள். களைத்துப் போனவர்கள் மறுபேச்சில்லாமல் போகிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைத் திருப்பிவிட்டுப் போரை முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு கதவு திறக்கவில்லை. சுவரைக் கட்ட எந்த நியாயத்தைச் சொன்னார்களோ அதே நியாயத்தைத் திருப்பிப் போட்டு, சிரித்துக்கொண்டே சொன்ன கதை. அச்சில் பத்துப் பதினைந்து பக்கம்தான்.

தமிழில் இதற்கும் முந்தியது அல்லி. பெண்கள் அதிகாரம் செய்யும் வீட்டை இன்றும் 'அல்லி ராஜ்யம்' என்று கேலி செய்கிறோமே, அந்த அல்லி. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'யைச் சென்னைப் பதிப்பகங்கள் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சந்தை சந்தையாக விற்றன. என் பாட்டி மூக்குக்கண்ணாடி இல்லாமலே வாசிப்பாள். அல்லி மதுரையை ஆள்கிறாள், மந்திரியும் பெண், படையும் பெண். ஆண்வாடை கூடாது. அர்ச்சுனன் ஆசைப்பட்டு வருகிறான், நேர்வழியில் முடியாமல் கிருஷ்ணனின் உதவியோடு பாம்பாகிப் படுக்கைக்குப் போய், தூங்குகிறவளின் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். பாட்டி இந்த இடத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். என் பள்ளி நூலகத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "மேடம், அவளுக்குத் தெரியாமல் கட்டினால் அது எப்படிக் கல்யாணம்?" என்று ஒருத்தி கேட்டாள். பின்வரிசையில் ஒரு பையன், "அப்போது அவள் போலீஸ் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தது?" என்றான். இரண்டும் நல்ல கேள்விகள். உங்கள் வீட்டிலும் சொல்லிப் பாருங்கள்.

இந்தியாவில் இந்த வகையில் நேரடியாக எழுதப்பட்ட நாவல் என்றால் மஞ்சுளா பத்மநாபனின் 'எஸ்கேப்' (2008). தளபதிகள் ஆளும் ஒரு நாட்டில் பெண்கள் அத்தனை பேரையும் அழித்துவிட்டார்கள். மெய்ஜி என்ற ஒரே ஒரு சிறுமியை மூன்று சித்தப்பா பெரியப்பாக்கள் ஒளித்து வளர்க்கிறார்கள், அவள் பெரியவளாகிவிடாதபடி மருந்து கொடுத்து. இங்கேயும் மேசைக்காரர்கள் அன்பானவர்கள்தான். ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் இது நம் மண்ணின் பயம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 918 பெண் குழந்தைகள்தான் இந்தியாவில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 943. சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. வெளிநாட்டு எழுத்தாளர் கிருமியைக் கற்பனை செய்யவேண்டியிருக்கிறது, இங்கே ஸ்கேன் மையம் போதும். வன்முறை உண்டு, ஆகவே பதினெட்டை ஒட்டிப் படிக்கட்டும். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யையும் அப்போதே கொடுங்கள். அது எதிர்காலம் பற்றியது அல்ல, பக்கத்து ஊர் பற்றியது. ஆனால் பெண்களுக்குப் பெண்களே காவல் இருப்பதை அதைவிடத் துல்லியமாக எந்த டிஸ்டோபியாவும் எழுதவில்லை.

இந்த வகை மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஆண்களை மட்டும் கொல்லும் நோய், பெண்களை மட்டும் கொல்லும் நோய் என்று எழுதுகிறவர்களில் பலர் உலகத்தை இரண்டு பெட்டியாகப் பிரித்துவிட்டு மூடியைப் போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் திருநங்கை எந்தப் பக்கம், திருநம்பி எந்தப் பக்கம்? 2008லேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த ஊரிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி தானாக வரும். வராவிட்டால் நீங்கள் கேளுங்கள். பதில் இல்லாத புத்தகம் என்றால் அங்கேயே அதன் சுவர் விரிசல் விட்டுவிடும்.

ஆக, இப்போதைக்கு 'மாரெசி', அடுத்து பேட்ரிக் நெஸ், மற்றவை பொறுத்து. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எது கிடைக்கிறதோ அதை அங்கேயே உட்கார்ந்து தொடங்கட்டும்.

தம்பி தட்டை வைத்துவிட்டுப் போனதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அவனிடம் அக்கா உன்னைச் சொல்லவில்லை என்று சமாதானம் சொல்ல வேண்டாம், நம்பமாட்டான். ரொகேயாவின் கதை காப்புரிமை முடிந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பின் அதை அக்காவையே உரக்கப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். ஆண்கள் அந்தப்புரத்துக்குள் போகும் இடத்தில் தம்பி சண்டைக்கு வருவான். வரட்டும், அக்கா பதில் சொல்லட்டும், நீங்கள் நடுவில் பேசாதீர்கள். சுருட்டுக் கணக்கு வரும்போது உங்கள் வீட்டுக்காரரும் செய்தித்தாளைக் கொஞ்சம் இறக்குவார். அப்போது அவரையும் கீழே உட்காரச் சொல்லிவிடுங்கள்.